பெயர் அதே, பட்டறை வேறு: கைக்கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகள்

ஸ்பேனர்களைப் பராமரிப்பது பற்றி எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தன: நம்பிப் பழகிய பெயரைத் தாங்கிய கருவி இப்போது வேறொரு நாட்டில் செய்யப்பட்டு வருகிறதே, அதை இன்னும் நம்பலாமா? ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்த்த என் மாமா 1980களில் கொண்டுவந்த கிராஃப்ட்ஸ்மேன் சாக்கெட் செட் இன்றும் எங்கள் வீட்டில் உழைக்கிறது. அண்மையில் என் மகன் அதே பெயரில் வாங்கி வந்த செட் எடையிலும் பூச்சிலும் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருகும் கைப்பிடி) சுழலும் விதத்திலும் முற்றிலும் வேறாக இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் பொருள் இப்படி மாறுவது எப்படி?

பதில்: நீங்கள் 'ஒரே நிறுவனம்' என்று எண்ணிய இடத்தில்தான் இதன் விடை இருக்கிறது. கிராஃப்ட்ஸ்மேன் என்பது சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் 1927இல் தனதாக்கிக்கொண்ட ஒரு வணிகப் பெயர். சியர்ஸ் கருவிகளைத் தானே செய்யவில்லை. பல அமெரிக்க ஆலைகளிடம் ஒப்பந்தத்தில் செய்து வாங்கித் தன் கடைகளில் விற்றது. அப்படியிருந்தும் அந்தப் பெயருக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம், உடைந்த கருவியைக் கடையில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் புதியது தரப்படும் என்ற வாழ்நாள் உத்தரவாதம். உடைவதெல்லாம் தன் கடைக்கே திரும்பி வரும் என்பதால், ஆலைகளிடம் கண்டிப்பாக இருக்க வேண்டிய தேவை சியர்ஸுக்கு இருந்தது. உங்கள் மாமாவின் செட் அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தச் சாக்கெட்டுகள், ராட்செட்டுகளின் உற்பத்தி பெருமளவில் சீனாவுக்கும் தைவானுக்கும் போனது. அதே காலத்தில் சியர்ஸ் கடைகளே நலிந்துகொண்டிருந்தன. 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் சுமார் 90 கோடி டாலர் மதிப்பில் அந்தப் பெயரை வாங்கியது. 2018இல் சியர்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. புதிய உரிமையாளர் 2019இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் சுமார் 9 கோடி டாலர் செலவில், பெரும்பாலும் தானியங்கி இயந்திரங்களால் இயங்கும் ஆலை ஒன்றை அமைத்து, சாக்கெட்டுகளையும் ஸ்பேனர்களையும் மீண்டும் அமெரிக்காவில் செய்யப்போவதாக அறிவித்தது. அந்த இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023 மார்ச்சில் ஆலையை மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தருவது அந்தக் கடைசிப் பகுதிதான். எஃகைக் காய்ச்சி அச்சில் அடித்து வடிவாக்கும் வேலையில், அச்சு எப்போது தேய்கிறது, சூடு எப்போது குறைகிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் அறிந்தவர்கள் ஒரு தலைமுறை இல்லாமல் போய்விட்டால், பணத்தைக் கொண்டு மட்டும் அந்தத் தொழிலைத் திரும்ப அழைத்து வருவது கடினம்.

ஒன்றை மட்டும் புதிய செட்டுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டும். பழைய ராட்செட்டுகளில் 36 பற்கள் இருப்பது வழக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடி 10 பாகை திரும்ப வேண்டும். இப்போது வருபவற்றில் 72 பற்கள் பரவலாக இருப்பதால் 5 பாகை போதும். இடுக்கான எஞ்சினுக்குள் கையை நுழைத்து வேலை செய்கிறவருக்கு இது பெரிய உதவி. சுழற்சி வேறாகத் தெரிவதை மட்டும் வைத்துத் தரக்குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: சீனாவில் செய்தது என்று பொறித்திருந்தால் தொடவே கூடாது, ஜெர்மனி என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் எங்கள் ஊர்க் கடைக்காரர். சரிதானா?

பதில்: 'ஜெர்மனியில் செய்தது' என்ற சொற்றொடர் பிறந்த கதையை அவருக்குச் சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கன் பகுதிக் கத்திகள், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரின் பெயரையே போலியாகத் தாங்கி வந்து மலிவாக விற்பதாக ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளர்கள் குமுறினார்கள். 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஃபிரான்ஸ் ரூலோ என்ற ஜெர்மானியப் பொறியியல் பேராசிரியரே தன் நாட்டுப் பொருள்களை 'மலிவானவை, மோசமானவை' என்று எழுதினார். 1887இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த வணிகக் குறிகள் சட்டத்தின் விளைவாக, அயல்நாட்டுப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டைக் குறிக்க வேண்டிய நிலை வந்தது. வாங்குபவரை எச்சரிப்பதற்காக இடப்பட்ட அந்த முத்திரைதான் சில பத்தாண்டுகளில் தரத்தின் அடையாளமாக மாறியது.

இன்றும் நிலைமை கடைக்காரர் நினைப்பதுபோல் எளிதாக இல்லை. நிப்பெக்ஸ் குறடுகள் ஜெர்மனியின் வுப்பர்டாலில் செய்யப்படுகின்றன; அதே நகரைச் சேர்ந்த வேரா நிறுவனத்தின் ஸ்க்ரூடிரைவர்கள் பெரும்பாலும் செக் குடியரசில் செய்யப்படுகின்றன. இரண்டையும் கையாண்ட எந்த மெக்கானிக்கும் வேராவை மட்டமான கருவி என்று சொன்னதில்லை. உலகின் பல பெரிய பெயர்களுக்குச் சாக்கெட்டும் ராட்செட்டும் செய்து தரும் ஆலைகள் தைவானின் தாய்ச்சுங் வட்டாரத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே எஃகை அடித்து வடிவாக்கும் ஃபோர்ஜிங் ஓர் ஆலையிலும், காய்ச்சிக் கடினப்படுத்தும் பதம் போடுதல் அடுத்த ஆலையிலும், குரோம் பூச்சு மூன்றாவது இடத்திலும் நடப்பது சாதாரணம். ஒவ்வொருவரும் தன் வேலையில் ஊறியவர். ஒரே ஆலை, கேட்பவர் கொடுக்கும் வரைபடத்துக்கும் விலைக்கும் ஏற்ப மூன்று தரத்தில் ஒரே அளவு ஸ்பேனரைச் செய்து தர முடியும். ஆகவே நாட்டைக் கேட்பதைவிட, அந்த ஆலையிடம் பெயருக்கு உரியவர் என்ன கேட்டார், கேட்டது கிடைத்ததா என்று யார் சோதித்தார் என்பதையே கேட்க வேண்டும்.

கேள்வி: பழையதிலும் புதியதிலும் 'குரோம் வனேடியம்' என்றே பொறித்திருக்கிறது. எஃகு ஒன்றாக இருக்கும்போது புதிய ஸ்பேனரின் வாய் ஏன் விரிந்துவிடுகிறது?

பதில்: அந்தப் பொறிப்பு எஃகின் கலவையை மட்டுமே சொல்கிறது. நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் வேலை எப்படி நடந்தது என்பதை எந்தப் பொறிப்பும் சொல்வதில்லை. ஸ்பேனரைச் சுமார் 850 பாகை செல்சியஸுக்குக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 400 பாகைக்கு மேல் மீண்டும் சூடாக்கி இளக்கினால், எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 40க்கும் 48க்கும் இடைப்பட்ட கடினம் வரும். அதற்குக் கீழே இறங்கினால் வாய் விரியும்; மிகவும் மேலே போனால் ஒருநாள் திடீரென்று தெறித்து உடைந்து கையைக் காயப்படுத்தும்.

உற்பத்தி இடம் மாறும்போது வரைபடமும் அச்சும் கப்பலில் போய்விடுகின்றன. உலையில் ஒரு முறைக்கு எத்தனை கருவிகள் அடுக்குவது, எண்ணெய் எந்தச் சூட்டைத் தாண்டினால் நிறுத்துவது, எத்தனைக்கு ஒன்றைக் கடினம் பார்ப்பது போன்ற பழக்கங்கள் எளிதில் போய்ச் சேர்வதில்லை. மேலும், பெயருக்கு உரியவர் ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொன்னால், ஆலைக்காரர் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பிலோ அட்டைப்பெட்டியிலோ கைவைக்க மாட்டார். உலையின் நேரத்திலும் சோதனையிலும்தான் குறைப்பார். முதல் சரக்கு நன்றாக வந்து, மூன்றாவது நான்காவது சரக்கில் தரம் நழுவுவதற்கு இதுவே காரணம்.

நான் ஒரு தொழிற்சாலையின் கருவிக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தபோது இதை நேரில் கண்டேன். பெயர் பெற்ற ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் 17 மி.மீ. ரிங் ஸ்பேனர்கள் ஆண்டுக்கணக்கில் குறையின்றி வந்தன. ஒரு முறை வந்த பெட்டியில் இருந்தவை சில வாரங்களிலேயே நட்டின் மூலைகளை உருட்டத் தொடங்கின. சோதித்துப் பார்த்தபோது கடினம் 32தான் இருந்தது. பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் உற்பத்தி நாடு மாறியிருந்தது. விலைப்பட்டியலில் விலை மாறவில்லை. விலையில் எங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாமல், இழப்பு மட்டும் எங்கள் தொழிலாளர்களின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: நான் மரவேலை செய்பவன். ஸ்டான்லி இழைப்புளி என்றால் பழையதைத் தேடித்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டுக்கு உற்பத்தியை மாற்றியதால்தான் அது கெட்டதா?

பதில்: பழையதைத் தேடுவது சரி, காரணம் வேறு. அமெரிக்காவின் நியூ பிரிட்டனில் 1843இல் தொடங்கிய ஸ்டான்லி, லெனார்டு பெய்லியின் காப்புரிமைகளை 1869இல் வாங்கிய பிறகு செய்த இரும்பு இழைப்புளிகள் உலகுக்கே மாதிரியாயின. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றைத்தான் தச்சர்கள் இன்றும் தேடுகிறார்கள். போருக்குப் பிறகு மின்கருவிகள் பரவி இழைப்புளிக்குத் தேவை சுருங்கியதும், அமெரிக்க ஆலையிலும் ஷெஃபீல்டு ஆலையிலும் வேலைப்பாடு படிப்படியாகக் குறைந்தது: அலகைத் தாங்கும் கட்டை பொருந்தும் முகத்தைக் கடைந்து சமன்செய்வது குறைந்தது, கைப்பிடியில் மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது, அடிப்பரப்பு சமமாக இல்லை. இவையெல்லாம் சொந்த நாட்டு மண்ணிலேயே, சொந்தத் தொழிலாளர்களைக் கொண்டே நடந்தன.

அந்த வெற்றிடத்தில் 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லீ-நீல்சன் தொடங்கப்பட்டது. கனடாவில் லீ வேலி நிறுவனத்தின் வெரிடாஸ் வளர்ந்தது. பழைய ஸ்டான்லியின் உயர்ந்த மாதிரிகளையே அடிப்படையாகக் கொண்டு சீனாவின் சுவான்ஷெங் ஆலை செய்வதும், அமெரிக்காவில் உட்ரிவர் என்ற பெயரில் விற்பதுமான இழைப்புளி, ஸ்டான்லியின் பிந்தைய ஆங்கிலேய இழைப்புளிகளைவிட நன்றாக இழைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வெல்டிங் பட்டறையில் வைஸ்-கிரிப் பூட்டுக் குறடு பயன்படுத்துகிறோம். அதன் பிறப்பிடம் எது?

பதில்: டென்மார்க்கிலிருந்து குடியேறிய வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிட் என்ற சிற்றூரில் உருவாக்கியது. பூட்டிக்கொள்ளும் அமைப்புக்கு 1924இல் காப்புரிமை பெற்றார். தலைமுறைகளாக அந்த ஊருக்கே சோறுபோட்ட ஆலை 2008 அக்டோபரில் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. பிற்பாடு மால்கோ என்ற நிறுவனம் அதே ஊரில் ஈகிள் கிரிப் என்ற பெயரில் பூட்டுக் குறடுகளைச் செய்ய முயன்றது. விலைப் போட்டியில் அந்த முயற்சியும் நிலைக்கவில்லை. புதிதாக வாங்கும்போது பல்லின் கூர்மையையும், பூட்டி விடுவிக்கும் நெம்புகோலில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: நிக்கல்சன் அரம் முன்போல் அறுப்பதில்லையே?

பதில்: பலரும் சொல்லும் குறை இது. 1864இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய அந்தப் பெயரின் அரங்கள் பின்னர் மெக்சிகோவிலும் செய்யப்பட்டு வந்தன. அரத்துக்குப் பல்லின் முனைதான் உயிர். அங்கே எஃகின் கரி சிறிது எரிந்துபோனாலும் பல் மழுங்கிவிடும். நம் நாட்டு ஜே.கே. அரங்களை முதலில் முயன்று பாருங்கள். அந்த நிறுவனமே உலகச் சந்தைக்குப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது.

கேள்வி: இந்தியக் கருவிகளுக்கு அயல்நாட்டில் ஏன் பெயர் இல்லை?

பதில்: கருவி போகிறது, பெயர் போவதில்லை. ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்யப்படும் ஸ்பேனர்களும் குறடுகளும் பல ஆண்டுகளாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. அவற்றில் ஒரு பகுதி அங்குள்ளவர்களின் பெயர் பொறிக்கப்பட்டே விற்கப்படுகிறது. அந்த வாடிக்கையாளர்களுக்கு இந்தியாவும் ஓர் 'அயல்நாட்டு உற்பத்தி'தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. உள்நாட்டில் நிலைமை வேறு. 1969இல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு உற்பத்தியைத் தொடங்கிய தப்பாரியா, இன்று எந்த எலக்ட்ரீஷியன் பையிலும் இருக்கிறது. அங்கே தொழில்நுட்பம் தந்தவர் விலகிய பிறகும் கற்றுக்கொண்ட முறை இங்கேயே தங்கியது. கருவியில் இருப்பதும் செய்கிறவரின் சொந்தப் பெயரே. சரக்கு கெட்டால் அந்தப் பெயர்தான் கெடும்.

கேள்வி: கடையில் நிற்கும்போது தரத்தைப் பார்ப்பது எப்படி?

பதில்: நுட்பமாக அளவெடுக்கும் வெர்னியர் ஒன்றைக் கொண்டுபோங்கள். 17 மி.மீ. ஸ்பேனரின் வாய் 17ஐவிடச் சிறிதளவு கூடுதலாகத்தான் இருக்கும், 0.3 மி.மீ.க்கு மேல் கூடினால் வேண்டாம் என்பேன். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்புகளுக்கு இடையே ஒளி தெரியக் கூடாது. இரு கைகளும் இணையும் அச்சாணியில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது. மின்வேலைக்கு என்றால் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எண்ணும், ஐ.இ.சி. 60900 என்ற தரக் குறிப்பும் இருக்க வேண்டும். வெறும் சிவப்பு, மஞ்சள் உறை காப்பாகாது. பூச்சின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், ரிங் ஸ்பேனரின் உட்புற மூலைகள் கூர்மையாக அறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தேய்ந்த அச்சும் அவசர வேலையும் அங்கேதான் முதலில் தெரியும்.

கடினத்தைக் கடையில் சோதிக்க வழியில்லை. ஆகவே மொத்தமாக வாங்குமுன் ஒன்றை வாங்கி ஒரு மாதம் கடுமையான வேலைக்குக் கொடுத்துப் பாருங்கள். வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டுள்ள உற்பத்தி நாட்டையும் கருவியின் உடலில் பொறித்த தொகுதிக் குறியீட்டையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பெட்டி வந்ததும் முதல் வேலையாக அந்த இரண்டையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்தே தொடங்குங்கள்.