லோடு இல்லாமல் ஓடும் லோடு வண்டி

கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா வேளச்சேரியில் பிளைவுட் கடை வைத்திருந்தபோது வாங்கிய 2011 மாடல் பொலிரோ பிக்கப். கடையை மூடிவிட்டோம், வண்டியை விற்க மனம் வரவில்லை. தினமும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அதிலேயே போய்வரலாம் என்று இருக்கிறேன். ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பெரிய டயர், எல்இடி லைட், ஏசி போட ஆசை. ரொம்பத் தூக்கிப் போடுகிறது, பின் பட்டையில் இரண்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மிக்ஜாம் புயலின்போது அரைச் சக்கரம் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற வண்டி. எதிலிருந்து தொடங்குவது?"

முதலில், பட்டையை, அதாவது பின் ஆக்சிலைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் தகடுகளை, கழற்ற வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

பிக்கப்பின் பின்பக்கம் ஒரு டன் சரக்கைத் தாங்கக் கட்டப்பட்டது. நீங்கள் ஓட்டப் போவதோ காலி வண்டி. பின் ஆக்சில் மேல் எடை கிடையாது. மழையில் வேகமாக பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் திரும்பும். இதைத் தடுக்கத்தான் பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே, சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். எல்எஸ்பிவி என்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், காலியாக உயர்ந்து நின்றால் குறையும். பட்டையைக் கழற்றினால் காலி வண்டியே தாழ்ந்து நிற்கும். வால்வுக்கு அது லோடு ஏறிய வண்டி மாதிரி. பின் சக்கரத்துக்கு முழு அழுத்தத்தையும் அனுப்பிவிடும். பட்டையைக் கூட்டினாலும் தப்புதான். அப்போது உண்மையிலேயே லோடு ஏறினாலும் பின் பிரேக் போதாது. அந்தக் கம்பி கழன்று தொங்கும் வண்டிகள் என் ஷெட்டுக்கு நிறைய வருகின்றன. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

அப்படியானால் தூக்கிப் போடுவதற்கு வழி? பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்க முடியாமல் இறுகியிருக்கும். பதினைந்து வருடம் கடல் காற்றில் நின்ற வண்டியில் இதை எதிர்பார்க்கலாம். செட்டைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் புதிதாகப் போடுங்கள். பின் டயரில் லோடுக்கான காற்றை அடித்துக்கொண்டு காலியாக ஓட்டாதீர்கள். கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரில் காலி வண்டிக்கு எவ்வளவு என்று போட்டிருந்தால் அதன்படி வையுங்கள். வித்தியாசம் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே தெரியும்.

அடுத்து வெள்ளம். அரைச் சக்கரம் என்றால் பின்னால் கிரவுன் ஹவுசிங்கும் (பின் ஆக்சில் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பெட்டி) வீல் பேரிங்கும் தண்ணீருக்குள் இருந்திருக்கின்றன. பிரீத்தர் என்ற காற்றுத் துளை வழியாகவும் பழைய ஆயில் சீல் வழியாகவும் உள்ளே போயிருக்கும். சோதிப்பது எளிது. வண்டி இரவெல்லாம் நிற்கட்டும். காலையில் கிளப்பாமல் ஹவுசிங்கின் அடி பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் உள்ளே இருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். மிக்ஜாம் அடித்த 2023 டிசம்பருக்குப் பிறகு வண்டி ஓடியிருந்தால் இரண்டும் கலந்து, பால் விட்ட மாதிரி வெளுத்து வரும். எப்படி வந்தாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். கியர் பாக்ஸுக்கும் இதே சோதனை. நான்கு டிரம், டிஸ்க்கையும் திறந்து, பேரிங் கிரீஸைக் கழுவிப் புதிதாக அடைத்து, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் குறைந்தபட்சம் 140 டிகிரிதான். ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. சென்னைக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிப் பழகிய வண்டியா என்று அப்பாவிடம் கேளுங்கள். கடலோரப் பகுதி போர் தண்ணீரின் உப்பு, ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். அப்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ் மூன்றையும் அதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

துருவை வெளியே தேடாதீர்கள். கேபினில் ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். போன மாதம் வந்த ஒரு வண்டியில் பெயின்ட் பளபளவென்று இருந்தது. மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், அப்படியே உள்ளே இறங்கித் தரை தெரிந்தது. பட்டி வைத்து மூடினால் ஆறு மாதம்கூடத் தாங்காது. அழுகியதை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்ட் செய்யும் டிங்கரைப் பிடியுங்கள். பின் தொட்டியின் தண்ணீர் ஓட்டைகள் அடைபட்டிருந்தால் குத்தி விடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் உங்கள் ஆசைகளுக்கு வருவோம். எல்இடி வேண்டாம். ஹாலோஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு மாட்டினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் அடிக்கும். வெளிச்சம் மங்கக் காரணம் பெரும்பாலும் பழைய வயர். இன்ஜின் ஓட, லைட் எரிய, பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் வோல்டேஜ் பாருங்கள். ஒன்றரை வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ரிலே வைத்துத் தடித்த வயர் இழுத்தால் அதே 55 வாட் பல்பு புதிதாகத் தெரியும். சென்னையில் உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டில் ரிலே கிட் கிடைக்கும்.

பெரிய டயரும் வேண்டாம். பிக்கப் மந்தமாகும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், எஃப்சி எனும் தகுதிச் சான்றுச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் வண்டிக்கு இனி வருடா வருடம் எஃப்சி உண்டு என்பதை மறக்க வேண்டாம். அதே அளவில் நல்ல ரேடியல் டயர் வாங்குங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

ஏசி போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்காரும், அது விடும் சூட்டையும் ரேடியேட்டர்தான் வாங்க வேண்டும். கூலிங் வேலை முடித்து ஒரு மே மாதம் ஓட்டிப் பாருங்கள். மதியம் ஒரு மணிக்கு பாடி சிக்னலில் முள் அசையாமல் நின்றால், டைனமோவையும் சரிபார்த்துவிட்டு மாட்டுங்கள்.

லைசென்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸ் இந்த மஞ்சள் போர்டு வண்டிக்குப் போதும். 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிகளுக்கு அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் பின் தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள், அம்பத்தூர் வரை லிஃப்ட் கேட்கும் நண்பராக இருந்தாலும்.