ஒழுங்கை விளக்கும் வால்வெள்ளியும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுவிஸிலிருந்து வந்த மாமா தன்னுடைய பழைய பென்டாக்ஸ் கே1000 கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் இருக்கிறது. இரவு வானத்தை பிலிமில் எடுத்துப் பழக ஆசை. எந்த பிலிம் வாங்கலாம், எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம்? டிஜிட்டல் இருக்கும்போது இது வீண் செலவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இன்னொரு கவலை. எங்கள் ஒழுங்கையில் எல்ஈடி தெருவிளக்குப் போட்டு வானத்தைக் கெடுத்துவிட்டார்கள். வன்னியின் இருட்டு எங்களுக்குக் கிடைத்த வரம். அதையும் இழந்துகொண்டிருக்கிறோம்.

பெயர் வேண்டாம்,
ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தரம் கோபம் வந்தது. கோபத்தைப் பிறகு சொல்கிறேன். போன கிழமை முழுக்க ஏனோ ஒரு பழைய வால்வெள்ளியின் ஞாபகமாகவே இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்துவிட்டது.

நண்பர்களை விடுங்கள். காசு உங்களுடையது, இரவும் உங்களுடையது. கே1000 நல்ல கமரா. 1976இல் வந்து 1997 வரை செய்தார்கள். உள்ளே இருக்கும் சின்னப் பற்றறி வெளிச்சமானிக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பற்சக்கரத்திலும் ஓடுவது. ஷட்டர் வேகச் சக்கரத்தை, அமத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் ‘பி’யில் வைத்து, பூட்டுத் திருகு உள்ள கேபிள் ரிலீஸால் அமத்திப் பூட்டிவிட்டால் இரண்டு மணித்தியாலம் என்றாலும் திறந்தே கிடக்கும். ஒரு துளி மின்சாரம் தின்னாது. இரவு வானத்துக்குப் பழைய கமராவைத் தேடுகிறவர்கள் இதற்காகத்தான் தேடுகிறார்கள்.

பற்றறி என்று எழுதும்போதே கை நிற்கிறது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் நாங்கள் மல்லாவிப் பக்கம் வந்து சேர்ந்தோம். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் பொன் விலை. ரோர்ச் பற்றறி வன்னிக்குள் கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட காலம். எங்கள் கொட்டிலுக்கு நாலு கொட்டில் தள்ளி ஒரு ஸ்ரூடியோ அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்தில் கண்ணாடி அலுமாரி வைத்துக் கடை நடத்தியவர். இங்கே கிடுகு மறைப்பும் ஒரு வெள்ளைச் சீலையும்தான் ஸ்ரூடியோ. அடையாள அட்டைப் படம், எப்போதாவது ஒரு கல்யாணம், மற்றபடி செத்த வீடு. அவருடைய கமராவின் வெளிச்சமானி பற்றறி இல்லாமல் செத்து வருடமாகியிருந்தது. அவர் அதைக் கணக்கெடுக்கவே இல்லை. வாசலில் விழும் நிழலைப் பார்த்து அளவு வைப்பார். படம் வரும்.

1997 பங்குனி, சித்திரையில் ஹேல்-பொப் வால்வெள்ளி வந்தது. பொழுது பட்டதும் வடமேற்கில், வயலுக்கு அங்கால் நின்ற பாலை மரத்துக்கு மேலே, யாரோ சுண்ணாம்பு தொட்ட விரலை இழுத்த மாதிரி. வால்வெள்ளி தெரிந்தால் நாட்டுக்குக் கூடாது என்று எங்கள் ஆச்சி முணுமுணுக்க, பக்கத்துக் கொட்டில் மனிசி “இனியும் கூடாமல் போக என்னணை கிடக்கு?” என்று கேட்டா.

கல்யாணம் எடுத்த கறுப்பு வெள்ளை ரோலை இருட்டில் பாதியில் வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டு, மிச்சத் துண்டை அண்ணை பத்திரமாக வைத்திருந்தார். அதைக் கமராவில் போட்டார். முக்காலி இல்லை. கமராவைச் சைக்கிள் கரியரில் பழைய ரியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டி, சைக்கிளை வயல் வரம்பில் ஸ்டாண்டில் நிறுத்திச் சில்லுக்குக் கல் அண்டை கொடுத்தார். என் பள்ளிக் கொப்பி மட்டையால் லென்ஸை மறைத்துப் பிடிக்கச் சொன்னார். ஷட்டரைத் திறந்து, நடுக்கம் அடங்கும் வரை பொறுத்து, “இப்ப எடு” என்றார். எடுத்தேன். இருபது மட்டும் எண்ணினார். “மூடு.” இப்படி இரண்டு தரம்.

கழுவி வந்தபோது நெகட்டிவில் வானம் வெறும் கண்ணாடி. நட்சத்திரங்கள் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி, வால்வெள்ளி ஒரு கறுத்த பூச்சு. எங்கே ஒரு பிரேம் முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று அடையாளமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிடித்துப் பார்த்துக் கத்தரியை வைத்தார். நல்லதாய் வந்த பிரேமின் நடுவாலே போய்விட்டது. தலை ஒரு துண்டில், வால் மற்றத் துண்டில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வன்னிக்கு வந்தால் வால்வெள்ளியும் ரெண்டு இடத்திலதான் இருக்கவேணும்” என்று சொல்லிச் சிரித்தார். தலையை அவர் வைத்துக்கொண்டார். வாலை எனக்குத் தந்தார். என் துண்டு 2009 வரை இருந்தது.

சரி, இப்போது உங்கள் ‘வரம்’.

வரம் என்றால் கேட்டு வாங்குவது. இந்த இருட்டை எங்கள் ஊரில் யார் தவமிருந்து கேட்டது? மேலே சத்தம் கேட்டால் விளக்கை ஊதி அணைத்தோம், அதனால் இருட்டு. ஊற்ற எண்ணெய் இல்லை, அதனால் இருட்டு. முன்னரங்கப் பக்கம் பரசூட்டில் தொங்கும் பரா வெளிச்சக்குண்டு இறங்கும்போது நட்சத்திரம் எல்லாம் மறைந்து, மரங்களின் நிழல் நிலத்தில் ஊரும். நாங்கள் அண்ணாந்து பார்த்தது அதைத்தான். பிறகு வந்த வருடங்களில் ‘வண்டு’. ஆளில்லா விமானத்துக்குச் சனம் வைத்த பேர் அது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரவிரவாக மேலே இரைந்துகொண்டு நிற்கும். அந்த இரைச்சலுக்கு மேலே பால்வீதி துல்லியமாகத்தான் தெரிந்தது. அழகாகவும் இருந்தது. அதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, எழுதத்தான் முடிகிறது.

புடையன் பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த இருட்டில் ஒழுங்கையால் ஓடிய அம்மாமாரைக் கேளுங்கள், தெருவிளக்கு வானத்தைக் கெடுத்ததா என்று. தூரப் போகத் தேவையில்லை, உங்கள் வீட்டிலேயே கேட்கலாம். ரியூசன் முடிந்து சைக்கிளில் தனியாக வருகிற பெட்டைப் பிள்ளைகளைக் கேளுங்கள். அந்த ஒற்றை விளக்குக்காக எத்தனை பேர் எத்தனை தரம் மனு எழுதியிருப்பார்கள். நீங்கள் ஒரு கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கெடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். வெளிச்சம் மேலேயும் சிதறுகிறது என்றால் மேல்மூடி போடச் சொல்லிப் பிரதேச சபைக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். கழற்றச் சொல்லி எழுதினால் என்னோடு கதைக்க வேண்டாம்.

உங்களுக்கு இருட்டு வேண்டுமென்றால் நீங்கள்தான் எழும்பிப் போக வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் குளக்கட்டு இருக்கிறது. தனியே போகாதீர்கள். யானை வழியை ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஆள் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்கவே கூடாது, பழைய மண்ணணைப் பக்கம் பகலில்கூட வேண்டாம். ஏன் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏசிவிட்டேன். நீங்கள் கேட்டது வேறு.

400 வேகக் கறுப்பு வெள்ளை பிலிம் போதும். லென்ஸை முடிவிலியில் வையுங்கள். நட்சத்திரம் புள்ளியாக வேண்டுமென்றால் உங்கள் 50 லென்ஸில் பத்து விநாடிக்கு மேல் போகாதீர்கள், அதற்கு மேலே இழுபடும். இழுபடவிடுவதுதான் பிலிமுக்கு அழகு என்பேன். அமாவாசையை ஒட்டி லென்ஸ் துவாரத்தை எஃப் 4இல் வைத்து ஒரு மணித்தியாலம் திறந்து வைத்தால் வானம் 15 பாகை திரும்பியிருக்கும். உங்கள் பிரேமின் நீளப்பக்கம் பிடிப்பது 40 பாகை அளவு, ஆகவே கோடு எவ்வளவு நீளம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நாங்கள் இருப்பது ஏறத்தாழ 9 பாகை வடக்கில். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து, கை நீட்டிப் பிடித்த ஒரு முட்டி அளவு உயரத்தில்தான் நிற்கும், முக்கால்வாசி நாள் மரத்துக்குப் பின்னாலே. வெளிநாட்டுப் படங்களில் வருகிற முழு வட்டங்களைத் தேடி ஏமாறாதீர்கள். கிழக்கே திருப்பி வையுங்கள். இங்கே நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும், கம்பியில் இழுத்த மாதிரிக் கோடு விழும். மாசி, பங்குனியில் வானம் தெளிவு. சோளகம் எழும்பிவிட்டால் முக்காலியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். லென்ஸில் பனி படியும், அடிக்கடி பாருங்கள்.

இன்னொன்று. நேரத்தை இரட்டித்தால் வெளிச்சமும் இரட்டிக்கும் என்று பிலிமை நம்பாதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் நேரம் போகப் போக அது களைத்துப்போகும். இல்போர்டு எச்பி5 பிலிமுக்கு அவர்களே தரும் கணக்குப்படி, 10 விநாடி என்று அளந்தால் 20 கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் என்றால் மூன்றரை நிமிடம். இந்தக் களைப்பை நட்சத்திரப் படங்களை அளந்து கணக்காக்கியவர் ஜேர்மன் வானியலாளர் கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வியன்னாவில். அவரேதான் பிறகு முதல் உலகப் போருக்குப் படையாளாகப் போய், அங்கிருந்துகொண்டே ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டுக்குத் தீர்வு எழுதியவர். 1916இல் செத்துப்போனார், 42 வயது. குண்டுச் சத்தத்துக்குள் நட்சத்திரக் கணக்குப் பார்த்த மனிதர் என்பதால் எனக்கு அவரில் ஒரு பட்சம்.

ரோலைத் தொடங்கும்போது முதல் பிரேமை மட்டும் பகலில் எடுங்கள். உங்கள் அம்மாவை அந்த விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிற்க வைத்து, நல்ல வெயிலில். பிலிமின் ஓரத்தில் ஒரு பிரேமுக்கு எட்டுத் துளை. கழுவுகிறவர் அம்மாவின் படத்திலிருந்து துளைகளை எண்ணி அளந்து வெட்டட்டும்.