தெருப்பூனை சினையா, பால் கொடுக்கிறதா? வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கொஞ்ச நாளாக ஒரு பெட்டைப் பூனை வருகிறது, ஆளைக் கண்டு ஓடுவதில்லை, காலில் உரசுகிறது, கூப்பிட்டால் பின்னாலேயே வருகிறது, வயிறு மட்டும் தொங்கலாக இருக்கிறது. சினையா, குட்டி போட்டுவிட்டதா தெரியவில்லை. மழை ஆரம்பிப்பதற்குள் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

கதவைச் சாத்தாதீர்கள். இப்போதைக்கு அதுதான் பதில். சினையாக இருந்தால் உள்ளே விடுவதில் தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே குட்டி போட்ட பூனையைப் பாவப்பட்டு ஒரு அறைக்குள் அடைத்தால், அது கதவைப் பிராண்டிக் கத்தும், புது இடம் பிடிக்கவில்லை போல என்று நீங்கள் நினைப்பீர்கள், அந்த நேரத்தில் ஏதோ ஒரு சன்ஷேடின் மேலேயோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயோ குட்டிகள் பசியில் கிடக்கும். பிறந்து ஓரிரு வாரமே ஆன குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது, தாய் இல்லாத ஒரு ராத்திரியே அதற்கு ஆபத்து. அதனால் முதலில் தெரிய வேண்டியது பால் கொடுக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

பழகிய பூனை என்பது இங்கே பெரிய வசதி. சாப்பிட்டு முடித்து, ஒருக்களித்துப் படுத்து உடம்பை நக்கிக்கொண்டிருக்கும்போது காம்புகளைப் பாருங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம், உள்ளே குட்டி இருந்தால் ஆகாது, பூனையும் சும்மா விடாது. சினைக்காலம் சுமார் 63 நாள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதில் மூன்றாவது வாரத்திலேயே காம்புகள் சற்றுப் பெருத்து ரோஸ் நிறமாகிவிடும். வயிறு வெளியே தெரிவது ஐந்தாவது வாரத்தை ஒட்டித்தான், இரண்டு விலாப்பக்கமும் புடைத்துக்கொண்டு வரும். கடைசி வாரத்தில் அது அசையாமல் படுத்திருக்கும்போது உற்றுப் பார்த்தால் உள்ளே குட்டி புரள்வது கூடத் தெரியும். பால் கொடுக்கும் பூனையின் அடையாளம் வேறு. காம்புகள் நீண்டிருக்கும், சுற்றிலும் முடி நனைந்து ஒட்டியோ உதிர்ந்தோ இருக்கும், ஏனென்றால் குட்டிகள் எந்நேரமும் அங்கே வாய் வைத்து முட்டிக்கொண்டிருக்கின்றன. வயிறு தளர்ந்து நடக்கும்போது ஆடும், முதுகெலும்பு துருத்தும். நடத்தையும் காட்டிக் கொடுக்கும்: சினைப் பூனை தின்றுவிட்டு உங்கள் காலடியிலேயே சாவகாசமாகப் படுக்கும், பால் கொடுப்பது அவசரமாக விழுங்கிவிட்டுப் பெரும்பாலும் ஒரே திசையில் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பசியோடு வந்து நிற்கும். குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறான் என்று ஆட்களைச் சொல்கிறோமே, அதை அப்படியே பார்ப்பீர்கள்.

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஒரு காதின் நுனி நேராக வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது கருத்தடை ஆன பூனைக்கு வைக்கிற அடையாளம். அந்தத் தொங்கல் வயிறு சாதாரணமாகவே பல பூனைகளுக்கு இருக்கும் தோல்மடிப்புதான். உடம்பு எலும்பாகி வயிறு மட்டும் பந்தாக நின்றால் குடற்புழுவாக இருக்கலாம், வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற, பின்பக்கம் நாற்றமாக ஏதாவது வடிகிற பூனை என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

பால் கொடுக்கிறது என்று தெரிந்துவிட்டால், சாப்பாடு வைத்துவிட்டுத் தள்ளி நின்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பின்னாலேயே போகாதீர்கள், ஆள் வருவது தெரிந்தால் வேண்டுமென்றே வேறு வழியில் சுற்றும். அதைவிடச் சுலபம், கூட்டிப் பெருக்க வரும் அக்காவையும் ராத்திரி வாட்ச்மேனையும் கேட்பது, குடியிருப்பில் எந்த மூலையில் குட்டிச் சத்தம் கேட்கிறது என்பது செயலாளருக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குடியிருப்பில் ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது, பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு டார்ச் அடித்ததில் அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் மின்மீட்டர் அறையில் வைத்துவிட்டது. பூனை ஏழு வீடு மாற்றும் என்று பாட்டிகள் சொல்வார்கள், கணக்கு சரியோ தப்போ, தொந்தரவு செய்தால் மாற்றும் என்பது உண்மை. மாற்றுகிற இடம் முந்தையதைவிட நல்லதாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் மனிதக் கை பட்டாலே தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் எல்லோரும் முதலில் செய்வது ஒரு கிண்ணம் பால் வைப்பது. வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும், ஏற்கெனவே பால் சுரந்து உடம்பில் நீர் குறைந்திருக்கிற பூனைக்கு அது கூடுதல் கஷ்டம். தண்ணீர் வையுங்கள், நிறைய. வசதி இருந்தால் பூனைக்குட்டிகளுக்கென்று விற்கிற உலர் உணவை வாங்குங்கள், பெரிய பூனைக்கு உரியதைவிட அதில் புரதமும் கொழுப்பும் அதிகம், சினைக்கும் பால் கொடுப்பதற்கும் அதுவே சரி. வீட்டுச் சாப்பாடுதான் முடியும் என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மத்தி, அவித்த முட்டை. வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும், அதைப் போடாதீர்கள். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு பூனைக்குப் பிடிக்கும்தான், ஆனால் அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும்; கருவாட்டில் உப்பு அதிகம். பால் கொடுப்பதன் உச்சத்தில் தாய்க்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தீனி தேவைப்படும், அதனால் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாக வையுங்கள். குடற்புழு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், எது ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லட்டும். ஆனால் கட்டாயம் கேளுங்கள், வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகும். நாய்க்கு உண்ணி போக வாங்கி வைத்த மருந்தைத் தடவுவது, காய்ச்சல் போலிருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது, இரண்டுமே பூனையைக் கொன்றுவிடலாம்.

சரி, சினைதான் என்றால்? வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலை, அல்லது மழைச் சாரல் அடிக்காத மாடிப்படி அடி, அங்கே ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து உள்ளே பழைய வேட்டியோ பருத்திப் புடவையோ விரியுங்கள். துவாலை வேண்டாம், அதன் நூல் சுருக்கில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் தண்ணீர், தள்ளி ஒரு தட்டில் மணல். இவ்வளவு செய்த பிறகும் அது உங்கள் துணி அலமாரியில்தான் போடும், அதற்கும் தயாராக இருங்கள். குட்டி போடும்போது நீங்கள் செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை, தொப்புள்கொடியை அதுவே கடிக்கும், நச்சுக்கொடியை அதுவே தின்னும். அரைமணி நேரம் விடாமல் முக்கியும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றாலோ, பாதி வந்த குட்டி அப்படியே நின்றாலோ, ரத்தம் கொட்டினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குட்டி போட்ட பிறகு தாய்க்குக் கைகால் விறைப்பது, உடம்பு உதறுவது, நடை தள்ளாடுவது எல்லாம் ரத்தத்தில் கால்சியம் இறங்கியதற்கான அறிகுறி, விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாத சமாச்சாரம். ஒரு காம்பைச் சுற்றி மட்டும் கெட்டியாகிச் சூடாக இருந்தால் அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதுதான்.

தாய் இல்லாமல் குட்டிகள் மட்டும் கண்ணில் பட்டால் நம் ஆட்கள் உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பொறுங்கள். குட்டிகள் வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துச் சத்தமில்லாமல் தூங்கினால் தாய் இரை தேடப் போயிருக்கிறது, சில மணி நேரம் கூட ஆகலாம். மழைத் தண்ணீர் ஏறுகிறது, நாய் சுற்றுகிறது என்ற அளவுக்கு ஆபத்து இருந்தால் மட்டும் பக்கத்திலேயே பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துங்கள், தாய்க்குக் கத்தல் கேட்கிற தூரத்தில். நிஜமாகவே தாய் வரவில்லை, குட்டி சில்லிட்டுப்போய்க் கத்துகிறது என்றால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். உடம்பு குளிர்ந்திருக்கும்போது புகட்டினால் செரிக்காது. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பூனைக்குட்டிக்கான பால்பொடி மருந்துக்கடைகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும், குப்புறப் படுக்க வைத்த நிலையில் புகட்டுங்கள், மனிதக் குழந்தை போல மல்லாத்தினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் ஒன்றுக்குப் போகும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கருத்தடையை விட்டால் இன்னும் சில மாதத்தில் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள். குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வருவது அடங்கும், நம் ஊரில் பகல் நேரம் பெரிதாகக் குறைவதில்லை, வருடம் முழுக்கக் கடுவன்கள் கத்திக்கொண்டுதான் இருக்கும். குட்டி போட்ட சில வாரங்களிலேயே, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மறுபடி சினையாகலாம். பெட்டைக் குட்டிகளும் நான்கு ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். எனவே குட்டிகள் நான்காவது வாரத்தில் தீனியில் வாய் வைக்க ஆரம்பித்து, எட்டாவது வாரம் போலத் தானாகச் சாப்பிட ஆனதும் தாயைக் கொண்டு போங்கள். பால் முழுக்க வற்றவில்லை என்றால் வயிற்றின் நடுவே கீறாமல் விலாப்பக்கமாகச் செய்யும் முறை உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள். சினையின் ஆரம்பத்திலேயே கருப்பையை எடுத்துவிடுவதையும் மருத்துவர்கள் செய்கிறார்கள். மனசு ஒப்புகிறதா என்பது உங்கள் விஷயம், தெருவில் பிறக்கிற குட்டிகளில் எத்தனை வண்டிச் சக்கரத்துக்குப் போகின்றன என்பதைப் பார்த்த எனக்கு அதில் தயக்கம் இல்லை. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு கிண்டியில் இருக்கிறது. வெளியூர் என்றால் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளில் விசாரியுங்கள். போவதற்கு முன்பு தொலைபேசியில் நாள் கேட்டுக்கொள்ளுங்கள், காலையில் எத்தனை மணி முதல் பட்டினி போட வேண்டும் என்பதையும். மூடி உள்ள பிளாஸ்டிக் கூடை போதும், சாக்குப் பையில் கட்டி எடுத்துப் போகாதீர்கள், ஆட்டோவில் பாதி வழியில் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

எவ்வளவு பழகியிருந்தாலும் குட்டி பக்கத்தில் இருக்கும்போது கடிக்கும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியை ஆரம்பியுங்கள், பூனை நல்லாத்தானே இருக்கு என்ற சமாதானம் வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்யட்டும், டாக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், அதனால் அன்றன்றைக்கு அள்ளினாலே பாதிப் பயம் போய்விடும்.

குடியிருப்போர் சங்கத்தில் யாராவது சத்தம் போட்டால், 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் குடியிருப்பில் வாழும் விலங்குகளுக்கு உணவு வைக்கும் ஏற்பாடு சங்கத்தின் பொறுப்பு என்றே இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆனால் சட்டத்தைவிட, குறித்த நேரத்தில் வைத்து, தின்றதும் தட்டை எடுத்துக் கழுவி வைப்பது அதிகம் வேலை செய்யும். அப்புறம் மழை நாளில் காரை எடுப்பதற்கு முன் பானெட்டை ஒரு தட்டு தட்டச் சொல்லி எல்லோருக்கும் வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள், என்ஜின் சூட்டுக்குக் குட்டிகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.