மதுரையில் இரண்டு நாள்: நடுப்பகலை விட்டுவிடுங்கள்

"முதல்முறையாக, வயதான அப்பா அம்மாவோடு சனி, ஞாயிறு மதுரைக்குப் போகிறோம். என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தெற்குமாசி வீதிப் பக்கம். இப்போது வேலை கோவையில் என்றாலும் மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போய்விடுவேன். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றியே பாதி வயது போயிருக்கிறது. அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மதுரை அதிகாலையிலும் இரவிலும் வாழ்கிற ஊர். நடுப்பகலில் அதனோடு மல்லுக்கட்டாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் பெரியம்மா குடும்பம் பெங்களூரிலிருந்து வந்தது. சனிக்கிழமை மதுரை, ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் என்று திட்டம். காலையில் அழகர்கோவில், அப்புறம் திருப்பரங்குன்றம் என்று ஓடிவிட்டு மீனாட்சியம்மன் கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. செருப்பைக் காரிலேயே விட்டிருந்தார்கள். சித்திரை வீதிக் கல்தரை கொதிக்கிறது, பெரியம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நிழல் தேடி நடந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. நான்கு மணிவரை காத்திருக்க நேரமில்லை என்று கிளம்பிவிட்டார்கள். மீனாட்சியைப் பார்க்காமலே மதுரைக்கு வந்துபோன வருத்தம் பெரியம்மாவுக்கு ரொம்ப நாள் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த இரண்டு நாளில் ராமேஸ்வரத்தையோ கொடைக்கானலையோ சேர்க்காதீர்கள். ராமேஸ்வரம் போக மட்டும் 170 கிலோமீட்டர். அது தனிப் பயணம்.

தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கும் கோவிலுக்கும் இடையில், டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் அறை பாருங்கள். நடந்தே கோவிலுக்குப் போகலாம், மதியம் அறைக்கு வந்து அப்பா அம்மா கண்ணயரலாம். பேருந்து நிலையம் இருக்கும் மாட்டுத்தாவணிப் பக்கம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஆட்டோ தேட வேண்டும்.

கோவிலுக்கு இரண்டு முறை போங்கள். சனிக்கிழமை விடிந்ததும் ஒருமுறை. கைபேசி உள்ளே கொண்டுபோகக் கூடாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி. அம்மன் சன்னதியை முதலில் பார்த்துவிட்டுச் சுவாமி சன்னதிக்குப் போவதுதான் இங்கே வழக்கம். பிறகு பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தை அவசரப்படாமல் பாருங்கள். பெயர்தான் ஆயிரங்கால், தூண்கள் 985.

அன்று இரவே மறுபடியும் போங்கள், பள்ளியறை பூஜைக்கு. நடை சாத்தும் முன் சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, வாத்தியத்தோடு, மீனாட்சியின் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள். பகலில் தள்ளுமுள்ளாக இருந்த இடத்தில் அப்போது ஊதுபத்தி வாசனையும் நாதஸ்வரமும்தான். ஊர் மொத்தமும் சாமியைத் தூங்க வைப்பதுபோல இருக்கும். இந்தக் கோவிலில் எனக்குப் பிடித்த நேரம் இதுதான், எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கும். ஞாயிறு இரவு ரயில் என்றால் அன்றைக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள், நேரம் இடிக்கும்.

சனிக்கிழமை மதிய வெயிலுக்குத் திருமலை நாயக்கர் மகால் சரியான இடம். 1636-இல் கட்டியது. அந்தப் பருத்த தூண்களுக்கு நடுவே வெயில் தெரியாது. மேலமாசி வீதி வழியாகப் போனால் 251-ஏ எண் கட்டடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியது அங்கேதான். எங்கள் ஊர்க்காரர்களிலேயே பலர் அதைக் கவனிக்காமல் கடந்துபோவது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஞாயிறு விடிகாலையில் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். அப்பா அம்மாவால் ஏற முடியாவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் இரண்டுக்கும் ஏறிப் பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். பாறையில் நிழல் கிடையாது, எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள்.

அங்கிருந்து கீழடி அருங்காட்சியகம். 2023-இல் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். 'ஆதன்' என்று, தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் கீறிய பானை ஓட்டின் முன்னால் நின்று பாருங்கள். யாரோ ஒருவர் தன் பானையில் எழுதிய பெயர், இரண்டாயிரம் வருடம் தாண்டி நம்மால் படிக்க முடிகிறது. திரும்பும் வழியில் மாலையாகிவிட்டால் வண்டியூர் தெப்பக்குளக் கரையில் உட்காரலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பகலில் வயிற்றைக் காலியாக வைத்திருங்கள், இரவில் இட்லி, கறி தோசை, பரோட்டா எதற்கும் தட்டுப்பாடு இல்லை. ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் குடியுங்கள். பெரியவர்களுக்குப் பருத்திப்பால் ஒத்துக்கொள்ளும்.

ஆட்டோவில் ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் அப்பா அம்மாவோடு வர வேண்டாம். கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆசை இருந்தால், அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் மட்டும் தனியாக வாருங்கள்.

மல்லி வாங்காமல் ரயில் ஏறாதீர்கள். அரும்பாக இருப்பதைக் கேட்டு, நாலு முழம் வாங்கி வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி பெட்டிக்குள் மலர ஆரம்பிக்கும். பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர் மல்லி என்று கேட்க மாட்டார், அவருக்கே தெரிந்துவிடும்.