தவறுதலாகத் தறித்த மாமரத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வளவின் மேற்கு மதிலோரம் அப்பா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று நின்றது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து வளவில் மாடிக் குடியிருப்புக் கட்டுகிறார்கள். அங்குள்ள மரங்களை வெட்ட வந்த ஆட்கள், மதில் பாதி இடிந்து கிடந்ததால் எல்லை தெரியாமல் எங்கள் மரத்தையும் தறித்துவிட்டார்கள். அம்மா கோயிலுக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் பிழையை ஒப்புக்கொள்கிறார், ஆனால் 15,000 ரூபாதான் தருவாராம். டொரொன்டோவில் இருக்கும் அண்ணா 20 இலட்சம் கேள் என்கிறார். எது நியாயம்? எப்படிக் கணக்கிடுவது?

பதில்: இரண்டு தொகையும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரிகிறது, இரண்டிலும் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் கணக்குக்கு முன்னால் அவசரமான வேலை ஒன்று உண்டு. தறித்த குற்றிகளை ஏற்றிப் போக லொறி வந்தால் திருப்பி அனுப்புங்கள். அடிக்கட்டையைத் தோண்டவும் விடாதீர்கள். உங்கள் மரத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல இனி அவை மட்டுமே இருக்கின்றன. "வளவைத் துப்புரவாக்கித் தருகிறோம்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். துப்புரவானால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

மரத்தின் பருமனை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், நெஞ்சு மட்டத்தில், அளப்பதுதான் வழக்கம். உங்கள் மரம் அதற்குக் கீழேயே அறுபட்டிருக்கும். அடிக்கட்டையைச் சுற்றி அளந்தால் வேர்ப்புடைப்பும் சேர்ந்து அளவு பெருத்துக் காட்டும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் மறுதரப்பு முதல் கேள்வியிலேயே உடைத்துவிடும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் அடிக்கட்டையின் உயரத்தை அளவுங்கள். 40 சென்ரிமீற்றர் என்று வைப்போம். அதன்மேல் நின்ற அடிமரக் குற்றியைத் தேடி எடுத்து, தடித்த முனையிலிருந்து 90 சென்ரிமீற்றர் தள்ளிச் சோக்கட்டியால் கோடு போடுங்கள். நெஞ்சு மட்டம் அதுதான். தையல் நாடாவை அந்த இடத்தில் சுற்றி, இலக்கம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். குற்றியும் அடிக்கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காட்டும் படமும் வேண்டும்.

அடுத்ததாக வெட்டுமுகத்தைப் பாருங்கள். பால் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இறுகியிருந்தால் மரம் நலமாக நின்றிருக்கிறது. நடுவில் கருமை, பொந்து, கறையான் மண் இருந்தால் அதையும் மறைக்காமல் படம் எடுங்கள். உங்கள் தரப்பு எதையும் ஒளிக்கவில்லை என்று தெரிந்தால் மற்ற ஆதாரங்களும் நிற்கும். வளையங்களை எண்ணி வயது சொல்லலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் கொழும்பில் நின்ற மாமரத்தில் அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. வயதுக்கும் விரிவுக்கும் வீட்டு அல்பங்கள்தான் நல்ல சாட்சி. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கலியாணம் என்று வளவில் எடுத்த படம் எதிலாவது மரம் பின்னால் நிற்கும். கூகுள் ஏர்த்தில் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம், கூரைக்குமேல் மரம் எவ்வளவு விரிந்திருந்தது என்று அதில் தெரியும்.

மரம் உங்களுடையதுதான் என்பதற்குக் காணி உறுதிப் பத்திரமும் நில அளவை வரைபடமும் வேண்டும். அடிமரம் எல்லைக்கோட்டிலேயே நின்றிருந்தால் விடயம் வேறு மாதிரிப் போகும் என்பதால், மதிலைத் திரும்பக் கட்டுவதற்கு முன் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸில் ஒரு முறைப்பாடும் பதிந்து வையுங்கள். யாரையும் சிறையில் போட அல்ல, நடந்த திகதியும் ஒப்பந்தக்காரரின் ஒப்புதலும் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக.

இனி அந்த 15,000. அது விறகுக்கடைக் கணக்கு. மரக்காலையில் குற்றியின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் பிரித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீள அடியாலும் பெருக்கி, 144 ஆல் பிரிப்பார்கள். 66 அங்குலச் சுற்றும் 7 அடி நீளமும் உள்ள குற்றி ஏறக்குறைய 13 கன அடி வரும். மாம்பலகை பெட்டி அடிக்கவும் கொங்கிறீட் தட்டு அடிக்கவும் போகும் மலிவுச் சரக்கு, தேக்கு முதிரை போல விலை போகாது. ஆகவே பலகைக் கணக்கில் அவர் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் நீங்கள் பலகைக்காக அந்த மரத்தை வளர்க்கவில்லையே. நிழலுக்கும் பழத்துக்கும் நின்ற மரத்தை விறகாக்கியவரே விறகு விலையைத் தந்து கணக்கை முடிக்கப் பார்ப்பதை ஏற்கக்கூடாது. குற்றிகள் எப்படியும் உங்களுடையவை. விற்றால் வரும் பணத்தை நட்டஈட்டில் கழிக்கலாம், அதுவே நட்டஈடு ஆகாது.

மரம் நின்றபோது வளவின் விலை என்ன, போனபின் விலை என்ன, வித்தியாசத்தைக் கேள் என்று காணி மதிப்பீட்டாளர் சொல்லலாம். பல நாடுகளில் நீதிமன்றங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வெள்ளவத்தையில் அந்த வழி உங்களுக்குக் கைகொடுக்காது. அங்கே பேர்ச் கணக்கில் காணி வாங்க வருகிறவர் மாடி கட்டத்தான் வருகிறார். அவருக்கு மரம் வெட்டுக்கூலிச் செலவு. மரம் போனதால் காணியின் விலை கூடிவிட்டது என்றுகூட மறுதரப்பு வாதாடலாம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆனால் சந்தை அப்படித்தான் இருக்கிறது. காணியை விற்க எண்ணமில்லை, குடியிருக்கிறோம் என்பதை உங்கள் கோரிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். குடியிருப்பவருக்கு இழப்பு வேறு.

அண்ணா சொன்ன 20 இலட்சம் அநேகமாக வட அமெரிக்காவில் பயன்படுத்தும் அடிமரச் சூத்திரத்திலிருந்து வந்திருக்கும். அங்கே மர மதிப்பீட்டாளர்களுக்கென்று ஒரு மன்றம் வழிகாட்டி நூல் வெளியிடுகிறது, அதன் 10ஆம் பதிப்பு 2018இல் வந்தது. வாங்கக் கிடைக்கும் மிகப் பெரிய கன்றின் விலையை எடுத்து, அதன் அடிமரக் குறுக்குவெட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பார்கள். அந்த வீதத்தை இழந்த மரத்தின் குறுக்குவெட்டால் பெருக்கி, பிறகு குறைகளுக்காகக் கழிப்பார்கள்.

உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் ரூபாய்கள் கணக்கை விளக்க நான் வைத்தவை, உங்கள் இலக்கங்களை நீங்கள் விசாரித்துப் போடுங்கள். உங்கள் மரத்தின் நெஞ்சு மட்டச் சுற்றளவு 176 சென்ரிமீற்றர் என்றால், அதை அதே எண்ணால் பெருக்கி 12.57 ஆல் பிரிக்கக் குறுக்குவெட்டு ஏறக்குறைய 2,465 சதுர சென்ரிமீற்றர். பத்தரமுல்லை தியத உயன பக்கம் கன்றுக் கடைகளில் கேட்டு, 22 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள ஒட்டு மாமரம் ஒன்று, கொண்டுவந்து நட்டுத் தர 30,000 ரூபா என்று வைப்போம். அதன் குறுக்குவெட்டு 38.5. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 779 ரூபா. 2,465 ஆல் பெருக்கினால் 19 இலட்சத்து 20 ஆயிரம். அண்ணாவின் தொகை வந்துவிட்டது.

ஆனால் அவர் இங்கேயே நின்றுவிட்டார். கழிவுகள் இனித்தான் வரும். மரத்தின் நலமும் அமைப்பும் நூற்றுக்கு 70 என்றால் 13 இலட்சத்து 44 ஆயிரம். மதிலோடு ஒட்டி, சிறிய வளவில், வேருக்கு இடமில்லாமல் நின்ற மரம் என்பதற்காக நூற்றுக்கு 60 போட்டால் 8 இலட்சத்து 6 ஆயிரம் ஆகிவிடும். கடல் உப்புக்காற்று, மேலே போகும் மின்கம்பி போன்ற வெளிக் காரணங்களுக்கு நூற்றுக்கு 90. முடிவில் 7 இலட்சத்து 26 ஆயிரம் அளவில் வந்து நிற்கும். கழிவு வீதங்களைச் சற்று மாற்றினால் தொகை இலட்சக் கணக்கில் ஆடும். அதனால்தான் இந்தச் சூத்திரத்தைத் தனியே நம்பிக் கோரிக்கை எழுதவேண்டாம் என்கிறேன். கன்றுக்கு ஐயாயிரம் கூடக் கேட்கும் ஒரு கடைக்காரர் உங்கள் மரத்தின் பெறுமதியை ஒரு இலட்சத்துக்கு மேல் உயர்த்திவிடுவார். இலங்கை நீதிமன்றம் எதுவும் இதை ஏற்றே ஆகவேண்டும் என்றும் இல்லை.

நான் முதலில் போடச் சொல்வது திரும்ப நிறுவும் செலவுக் கணக்கு. மரம் செய்த வேலையைத் திரும்பப் பெற உண்மையில் எவ்வளவு செலவாகும்? அடிக்கட்டையை வேரோடு எடுத்து அகற்ற 45,000. கிடைக்கக்கூடிய பெரிய ஒட்டுமரம், நல்ல மண், முட்டுக்கம்பு, ஏற்றிறக்கு எல்லாம் சேர்த்து 60,000. முதல் மூன்று வருடம் தண்ணீர், பசளை, பராமரிப்பு மாதம் ஆயிரமாக 36,000. மேற்கு வெயிலைத் தடுக்க இடைக்காலத்தில் ஒரு நிழற்கூரை 80,000. பழத்துக்கு, ஆள் பிடித்து ஆயும் கூலியைக் கழித்து வருடம் 12,000 என்றால், கன்று காய்க்காத நாலு வருடத்துக்கு முழு இழப்பு 48,000, அடுத்த ஆறு வருடத்துக்குப் பாதி இழப்பு 36,000. கூட்டினால் 3 இலட்சத்து 5 ஆயிரம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கொட்டேஷன் அல்லது பற்றுச்சீட்டு இருக்கவேண்டும், நிழற்கூரைக்கும் கன்றுக்கும் இரண்டு மூன்று இடத்தில் எடுங்கள். யார் கேட்டாலும் விரல் வைத்துக் காட்டக்கூடிய கணக்கு இது.

வெயில் இழப்பை மின் பட்டியலாலும் காட்டலாம். மரம் போனபின் வரும் மாதங்களைப் போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். ரூபாயை ஒப்பிட வேண்டாம், கட்டணம் 2022இலிருந்து பலமுறை மாறிவிட்டது. அலகுகளை ஒப்பிடுங்கள். அம்மாவின் அறை மேற்குப் பக்கம் இருந்து, ஏசி கூடுதல் நேரம் ஓடினால் அலகுகளில் தெரிந்துவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், எழுத்துக் கோரிக்கையில் திரும்ப நிறுவும் செலவை முழு விவரத்தோடு வைத்து, கழிவுகள் போட்ட சூத்திரக் கணக்கை இரண்டாவது மதிப்பீடாகச் சேர்த்து, மேலே சொன்ன உதாரணத்தில் 5 இலட்சம் கேட்பேன். 3 இலட்சத்துக்குக் கீழே இறங்கமாட்டேன். 20 இலட்சம் என்று தொடங்கினால் ஒப்பந்தக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டத்தரணியிடம் போவார், இன்று கையிலிருக்கும் ஒப்புதல் நாளை மறுப்பாகிவிடும். அப்பா நட்ட மரம் என்ற துக்கத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லாதது எனக்கும் வருத்தம்தான். கவனயீனத்தால் வந்த சொத்திழப்புக்கு எங்கள் ரோமன்-டச்சுச் சட்டம் பணத்தால் அளக்கக்கூடிய நட்டத்தையே தருகிறது.

"பழைய மரம், எப்படியும் விழும்" என்று கட்டாயம் சொல்வார்கள். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடும் பஸ்மீது மரம் சாய்ந்து உயிர்கள் போனபின் கொழும்பில் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் உங்கள் மரம் ஆபத்தானதா என்பதை வெட்டுமுகம்தான் சொல்லவேண்டும். லொறியைத் திருப்பி அனுப்பச் சொன்னது இதற்காகவும்தான்.

உங்களுடையது பலாவாகவோ ஈரப்பலாவாகவோ இருந்திருந்தால் இன்னொரு பக்கமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அவற்றையும் பெண் பனையையும் அனுமதியில்லாமல் தறிப்பது குற்றம். மா அதில் இல்லை.

நடைமுறையில், முதலில் ஒப்பந்தக்காரரிடமும் காணிச் சொந்தக்காரரிடமும் கட்டட வேலைக்கு எடுத்த காப்புறுதியில் மூன்றாந்தரப்பு இழப்புக்கு இடமுண்டா என்று கேளுங்கள். பலர் இதைக் கேட்பதேயில்லை. இருந்தால் பணம் அவர் பையிலிருந்து போகாது, பேச்சும் இலகுவாகும். ஒத்துவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கு அங்கே போகாமல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சட்டத்தரணிகள் அங்கே யாருக்காகவும் பேசமுடியாது, ஆகவே படங்களும் கொட்டேஷன்களும் ஒழுங்காக இருப்பவர் பக்கம் பேச்சு நிற்கும். உறுதி அண்ணாவின் பெயரில் இருந்தால், அவருக்காக நீங்கள் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் இப்போதே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் காலாவதிச் சட்டம் 1871ஆம் ஆண்டினது, நட்டஈட்டு வழக்குக்கு அது தரும் காலம் சம்பவத்திலிருந்து 2 வருடம் மட்டும். நல்ல வார்த்தை பேசிப் பேசியே அந்த 2 வருடத்தைக் கடத்திவிடுகிறவர்களும் உண்டு.

பணம் தரச் சம்மதித்தால் "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்று எழுதிய பற்றுச்சீட்டில் உடனே கையெழுத்து வைக்கவேண்டாம். அடிக்கட்டை அகற்றுவது, மதிலைத் திருத்துவது, நடும் கன்று முதல் மூன்று வருடத்தில் பட்டுப்போனால் மாற்றித் தருவது ஆகிய மூன்றும் திகதியோடு உடன்படிக்கையில் இருக்கவேண்டும். கன்றை அவர்களே வாங்கித் தருவதாகச் சொன்னால், பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடும்போது பழைய குழியில் வைக்காமல், மதிலிலிருந்து குறைந்தது 3 மீற்றராவது உள்ளே தள்ளி வையுங்கள். பக்கத்து மாடியின் நிழல் எந்த நேரம் எங்கே விழும் என்று அவர்களின் கட்டட வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள்.