பதினஞ்சு எழுதினா நாலு கூட முடியல

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர்லேருந்து பஸ்ல தினமும் பாண்டிக்கு வேலைக்குப் போறேன். காலையில டைரியில 15 வேலை எழுதுறேன், ராத்திரி பாத்தா 4 கூட முடியல. என்னங்க பண்றது?
– வாசகி, கடலூர்

பதில்: நீங்க சோம்பேறி இல்லம்மா, 15 எழுதுறதுதான் தப்பு. ராத்திரி பாத்திரம் தேய்ச்ச கையோட மறுநாளைக்கு 3 மட்டும் எழுதுங்க, பக்கத்துலயே எத்தன நிமிஷம் ஆகும்னும் போடுங்க, கரண்ட் பில் 10 நிமிஷம்னா பஸ்ல சீட்டு கிடைச்சதும் போன்லயே கட்டிட்டு ரெட்டிச்சாவடி வர்றதுக்குள்ள டிக் அடிச்சிடலாம். உக்காந்து செய்ற வேலைக்கு பொமடோரோ முறை நல்லாருக்கும், 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980கள் கடைசியில தக்காளி மாதிரி இருந்த கிச்சன் டைமர வச்சு ஆரம்பிச்சது, உங்களுக்கு போன் அலாரமே போதும். மிச்சமானத மறுநாளைக்கு தள்ளுங்க, ஆனா ஒரே வேலை 3 நாள் தள்ளிப்போச்சுன்னா அத வீட்ல வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்கம்மா.