தீப்பெட்டிப் படமும் சோப்புப் பெட்டியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய தீப்பெட்டிப் படங்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் குப்பை என்கிறார்கள், எனக்கோ தூக்கிப் போட மனசு வரவில்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தை எடுத்து நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள். புலியின் மஞ்சள் கறுப்புக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வழிந்திருக்கும், சிவப்பு ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும். பழைய லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் தனியாக ஒரு தடவை மெஷினுக்குள் போய் வரவேண்டும், மயிரிழை நகர்ந்தாலும் நிறம் இடம் மாறிவிடும். நிறம் கூடினால் செலவும் கூடும் என்பதால் நாலைந்து நிறத்துக்குள் வேலையை முடித்தார்கள். அந்தப் பளிச்சென்ற அழுத்தம் அப்படி வந்ததுதான்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய விஷயம்: எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் கடையில் கேட்டு வாங்க வேண்டும். "அண்ணாச்சி, ஒரு கப்பல் கொடுங்க" என்றால் போதும், படம்தான் பேர். அதனால் இரண்டு அங்குலத் தாளின் நடுவில் ஒரே ஒரு உருவம், மயிலோ ஒட்டகமோ சாவியோ, கடை அலமாரியின் மேல்தட்டில் இருந்தாலும் இன்னதென்று தெரிகிற மாதிரி. ஒரு பாட்டியின் கண்ணை நினைத்துக்கொண்டு வரைந்த படம் அது.

நம் ஊரில் தீப்பெட்டி செய்யத் தொடங்குவதற்கு முன்னால் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது, நம் சாமி படங்களையே அச்சடித்து நமக்கே அனுப்பினார்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சகங்கள் வந்தன, அப்புறம் காலண்டர், டைரி என்று ஊரே அச்சுத் தொழிலில் இறங்கியது. உங்கள் கையில் இருப்பது அந்த ஊரின் ஆரம்பப் பாடம்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு மயில் படத்துக்கு மூன்று சாதாப் படம் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளாகிப் படத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். புதிதாகப் பசை தடவி ஆல்பத்தில் ஒட்டவும் வேண்டாம், பூச்சிக்குப் பசை என்றால் விருந்து. காகித உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள், போதும்.

கேள்வி: மைசூர் சாண்டல் சோப்புப் பெட்டியில் இருக்கும் மிருகம் யாளியா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பார்த்தால் யாளி மாதிரிதான் இருக்கும், ஆனால் அது சரபம். யானைத் தலை, சிங்க உடல். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருபுவனத்தில் இருக்கும் சரபேஸ்வரர் வேறு உருவம், பேர் மட்டும் உறவு. முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குச் சந்தனக்கட்டை அனுப்ப முடியாமல் தேங்கிப்போக, மைசூர் சமஸ்தானம் இங்கேயே எண்ணெய் எடுக்க ஆரம்பித்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விஸ்வேஸ்வரய்யா திவான். 1918இல் சோப்பு வந்தது. நகைப்பெட்டி மாதிரி அட்டைப்பெட்டி, உள்ளே முட்டை வடிவச் சோப்பு. காலிப் பெட்டியைத் துணி அலமாரியில் போட்டு வைக்காத வீடு குறைவு, புடவை மடிப்பில் அந்த வாசனை மாதக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: பழைய பாணியில் புதிதாகச் செய்த தகர டப்பாக்கள் விற்கிறார்களே, வாங்கலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பிடித்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் அடுப்படியில் இன்றைக்கு இருப்பதில் நாலைந்தை எடுத்து வையுங்கள். சீயக்காய்ப் பொட்டலம், அப்பளக் கட்டின் மேல்தாள், ஊதுபத்தி அட்டை, எதுவானாலும் சரி. பின்பக்கம் பென்சிலால் வருஷத்தையும் வாங்கிய கடையையும் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும்.